இருங்காட்டுக்கோட்டையில் முதல் பைக் ரேஸ்: உரிமம் முதல் ஞாயிறு மாலை வரை

என் முதல் ரேஸில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முழுவதையும் ஒரு போல்ட்டால் இழந்தேன். வண்டியைச் சோதித்த அதிகாரி இன்ஜினுக்கு அடியில் குனிந்து, ஆயில் டிரெய்ன் போல்ட்டில், அது கழலாமல் இருக்க நான் கட்டியிருந்த கம்பியைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். “கழலுற பக்கமா இழுத்துக் கட்டியிருக்கீங்க தம்பி. மாத்திக் கட்டிட்டு வாங்க” என்றார். நான் துளை போட்டிருந்த கோணத்தில் கம்பியை வேறு பக்கம் இழுக்க வழியில்லை. புதிதாகத் துளை போட டிரில் தேடி, ஓட்டுபவர்கள் வண்டியை வைத்து வேலை பார்க்கும் பேடாக் முழுக்க அலைந்தேன். திரும்ப வரிசையில் வந்து நின்றபோது என் பிரிவுக்கான ஓட்டங்கள் முடிந்துவிட்டன. மறுநாள், தடம் சரியாகத் தெரியாமலேயே, ரேஸில் நிற்கும் இடத்தை முடிவு செய்யும் தகுதிச் சுற்றுக்குப் போனேன்.

இது உங்களுக்கு நேரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். வேகமாக ஓட்டுவது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்குவதற்கு முன்பு முடித்திருக்க வேண்டிய வேலைகளைத்தான் சொல்கிறேன். இடம், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டைத் தடம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்த வாசல் வழியாக நுழைவது என்று முடிவு செய்யுங்கள்

புதியவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி ஒன் மேக் போட்டி. டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் ஒரே மாதிரி வண்டிகளைத் தயார் செய்து எல்லோருக்கும் கொடுக்கும். மெக்கானிக்கும் டயரும் அவர்கள் பொறுப்பு. நீங்கள் உடைகளோடு போனால் போதும். ஆனால் தேர்வு ஓட்டம் உண்டு, அதில் லேப் நேரம், அதாவது தடத்தை ஒரு முறை சுற்றி வரும் நேரம் பார்த்து ஆளை எடுப்பார்கள். இடம் கிடைத்தால் செலவில் இதைவிடக் குறைந்த வழி கிடையாது.

இரண்டாவது, ஏதாவது ரேஸிங் அகாடமியின் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. வாடகையில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டயர் யாருடையது? பெட்ரோல்? மெக்கானிக் கூலி? இவற்றைவிட முக்கியம், விழுந்தால் சேதத்துக்கு யார் பணம் கட்டுவது என்பது. வாய்ப்பேச்சாக விட்டுவிட்டு ஞாயிறு மாலை சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சொந்த வண்டி. தேசிய சாம்பியன்ஷிப்பில் புதியவர்களுக்கென்று 165 சிசி வரைக்குமான ஸ்டாக் பிரிவு, அதாவது அதிகம் மாற்றாத வண்டிகளுக்கான பிரிவு இருக்கிறது. யமஹா ஆர்15 போன்ற வண்டிகள் அதில் ஓடுகின்றன. பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. நான் இந்த வழியில்தான் போனேன். கற்றுக்கொள்வது அதிகம், செலவும் அதிகம். தனியாள் என்றால், முதல் ரேஸை வாடகை வண்டியில் ஓட்டிவிட்டு அப்புறம் சொந்த வண்டிக்கு வாருங்கள் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன்.

2. பயிற்சிச் சான்றும் உரிமமும்: இரண்டு மாதம் முன்பே

சாலையில் ஓட்டும் லைசென்ஸ் இங்கே செல்லாது. இந்தியாவில் மோட்டார் விளையாட்டை நடத்தும் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் போட்டி உரிமம் வேண்டும். விண்ணப்பம் இணைய வழியில்தான்.

முதலில் அங்கீகாரம் பெற்ற ஒரு அகாடமியில் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்குங்கள். பெரும்பாலான அகாடமிகள் ஒன்றிரண்டு நாளில் முடித்துக் கொடுப்பார்கள். பணம் கட்டும் முன், “இந்தச் சான்று உரிமத்துக்குச் செல்லுமா?” என்று நேராகக் கேளுங்கள். பணம் கட்டித் தடத்தில் சும்மா ஓட்டிப் பார்க்கும் டிராக் டே எல்லாம் பயிற்சி ஆகாது.

பிறகு இவற்றை ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வையுங்கள்: பாஸ்போர்ட் அளவுப் படம், வயதுச் சான்று, ஆதார், ரத்த வகை அறிக்கை, மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம், பயிற்சிச் சான்று. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலும் சேரும்.

பலரும் தடுக்கி விழுவது மருத்துவப் படிவத்தில்தான். கையெழுத்து மட்டும் போதாது. மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாகத் தெரிய வேண்டும். என் படிவத்தில் முத்திரை மை பரவி எண் படிக்க முடியாமல் போனதால் திரும்பி வந்தது, ஒரு வாரம் வீணானது. ஆதாரில் இருக்கும் பெயரும் படிவத்தில் எழுதும் பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருக்கும்.

உரிமக் கட்டணமும் போட்டி நுழைவுக் கட்டணமும் வேறுவேறு. நுழைவுக் கட்டணம், கடைசித் தேதி, தாமதக் கட்டணம் எல்லாம் அந்தந்தப் போட்டிச் சுற்றின் விதி ஆவணமான சப்ளிமெண்டரி ரெகுலேஷன்ஸில் இருக்கும். எல்லோரும் எஸ்.ஆர். என்பார்கள். நண்பர் சொன்ன போன வருடத் தொகையை நம்ப வேண்டாம். அந்த ஆவணத்தை அச்செடுத்து, உங்கள் பிரிவுக்கான பக்கங்களைப் பேனாவால் அடிக்கோடிட்டுப் படியுங்கள். நான் அதைப் படித்திருந்தால் அந்த போல்ட்டுக்காக ஒரு நாளை இழந்திருக்க மாட்டேன்.

3. காப்பீடு: வீட்டில் உட்கார்ந்து ஒரு மாலை பேசுங்கள்

உங்கள் பைக் இன்சூரன்ஸ் சான்றிதழில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் காப்பீடு கிடையாது என்று அதில் இருக்கும். அதாவது டிராக்கில் வண்டி நொறுங்கினால் முழுச் செலவும் உங்களுடையது.

மருத்துவக் காப்பீடு இன்னும் நுணுக்கமானது. பெரும்பாலான பாலிசிகளில் வரும் விலக்குப் பட்டியலில், அபாயகரமான விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுவதால் வரும் சிகிச்சைச் செலவு விலக்கப்படுகிறது. மோட்டார் பந்தயம் அதில் பெயரோடு இருக்கிறது. ‘தொழில்முறையாக’ என்ற சொல் உங்களுக்குப் பொருந்துமா இல்லையா என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாதாட முடியாது. இப்போதே உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போட்டி உரிமத்தோடு விபத்துக் காப்பீடு ஏதாவது வருகிறதா, எவ்வளவு தொகை வரை என்பதையும் உரிமம் எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேசப் பிடிக்காத விஷயம்தான். ஆனால் இந்தத் தடத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. வீட்டுக்குத் தெரியாமல் ரேஸுக்குப் போகாதீர்கள். அவசரத் தொடர்புக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் எண்ணுக்கு உரியவர் அந்த மூன்று நாளும் போனை எடுப்பவராக இருக்கட்டும்.

4. உடைகள்: கடன் வாங்கலாம், ஹெல்மெட்டைத் தவிர

தோல் சூட் ஒரே துண்டாக இருப்பது நல்லது. இரண்டு துண்டு என்றால் இடுப்பைச் சுற்றி முழுதாக ஜிப் சேர வேண்டும். இந்தியாவில் தைக்கப்படும் நல்ல சூட் சுமார் 25,000 முதல் 45,000 ரூபாய். பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கும் முன் தோள், முழங்கை, முழங்கால் தையல்களை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நின்றபடி போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டியில் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது தோளில் இழுக்கிற சூட்தான் ஓட்டும்போது சரியாக இருக்கும்.

கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், மணிக்கட்டை மூடும் கையுறை, முதுகுக் கவசம் இவை எல்லாம் சேர்ந்து இன்னொரு 25,000 ஆகும்.

ஹெல்மெட் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். இன்னொருவர் ஹெல்மெட் எங்கே விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எந்தத் தரச்சான்றுகளை ஏற்பார்கள் என்று எஸ்.ஆரில் இருக்கும், இ.சி.இ. 22.06 முத்திரையும் இரட்டை டி வளையப் பட்டையும் உள்ளதை எடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கறுப்புக் கண்ணாடியோடு தெளிவான கண்ணாடி ஒன்றும் எடுத்துப் போங்கள். மழை மேகம் கூடினால் அது வேண்டும்.

5. வண்டியைத் தயார் செய்தல்: இங்கேதான் நேரம் போகும்

ரேஸுக்கு மூன்று வாரம் முன்பு தொடங்குங்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், ஸ்டாண்டு, பின்னிருக்கை கால்வைப்பான் எல்லாம் கழற்ற வேண்டியவை. விளக்குகளைக் கழற்றுவதா, டேப் ஒட்டுவதா என்பது உங்கள் பிரிவு விதியைப் பொறுத்தது. ஸ்டாக் பிரிவில் எதை மாற்றலாம் என்பதைவிட எதை மாற்றக் கூடாது என்ற பட்டியல்தான் நீளம். ஆர்வத்தில் ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, ரேஸ் முடிந்த பின் நடக்கும் சோதனையில் முடிவை இழக்காதீர்கள்.

லாக் வயர், அதாவது போல்ட்டைக் கம்பியால் கட்டும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆயில் டிரெய்ன் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, ஃபில்டர் கவர் போல்ட்டுகள். இவற்றில் ஒன்று ஓடும்போது கழன்றாலும் பின்சக்கரத்தின் மேல் ஆயில் கொட்டும். உங்களுக்குப் பின்னால் வருகிற பத்துப் பேரும் அதே ஆயிலில் விழுவார்கள். அதனால்தான் அந்த அதிகாரி அவ்வளவு கறாராக இருந்தார். இப்போது அவர்மேல் எனக்கு மரியாதைதான்.

போல்ட் தலையில் 1.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். தலையின் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு மூலையைக் குறுக்காக வெட்டிப் போகும் துளை போதும். முதலில் சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டிரில் பிட் வழுக்கும். மெதுவான வேகம், ஒவ்வொரு சில நொடிக்கும் ஒரு சொட்டு ஆயில். இரண்டு மூன்று பிட் உடையும், கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு போல்ட்டைப் பூட்டி, 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியைத் துளையில் விட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, அசையாத ஓர் இடத்தில் கட்டுங்கள். கட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த போல்ட் கழல முயன்றால் கம்பி இறுகுமா, தளருமா? இறுக வேண்டும். கம்பியின் நுனியை உள்ளே மடித்துவிடுங்கள், கையைக் கிழிக்கும். துளையோடு கூடிய மாற்று போல்ட் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

கூலன்ட் உள்ள வண்டியில் அந்தப் பச்சை அல்லது சிவப்புத் திரவத்தை முழுதாக வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிளைக்கால் கலந்த கூலன்ட் தடத்தில் கொட்டினால் காயாது, எண்ணெய் மாதிரி வழுக்கும். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். ரேஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் பழையபடி கூலன்டை நிரப்புங்கள்.

பிரேக் பேட், செயின் தளர்ச்சி, சக்கர பேரிங், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் தானாக ‘டக்’கென்று மூடுகிறதா என்பது எல்லாம் வழக்கமான சோதனைகள். கையோடு வைத்திருக்க வேண்டிய மாற்றுப் பொருட்கள்: கிளட்ச், பிரேக் லீவர்கள், கியர் லீவர், வலது இடது கால்வைப்பான்கள், ஹேண்டில்பார். சின்ன விழுதலுக்கு முதலில் உடைவது இவைதான். இவை இல்லாமல் போனால் 500 ரூபாய் லீவர் ஒன்றுக்காக முழு ரேஸும் போய்விடும்.

6. கொண்டு போய்ச் சேர்ப்பது

வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் கழற்றிய வண்டி சாலைக்கு உரியதல்ல. விழுந்துவிட்டால் திரும்ப ஓட்டி வரவும் முடியாது. குட்டி யானை ஒன்றைப் பேசுங்கள். அம்பத்தூரிலிருந்து போக வர எனக்கு 4,000 ரூபாய் ஆனது. ஞாயிறு மாலை திரும்பும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இருட்டில் வண்டியோடு நிற்பீர்கள். நாலு ராட்சட் பட்டை வேண்டும். முன்ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இறுக்கினால் போதும், அதற்கு மேல் ஆயில் சீலுக்குக் கேடு.

பெட்ரோலுக்கு உலோகக் கேன் எடுங்கள். பிளாஸ்டிக் கேனில் பல பங்க்குகளில் ஊற்ற மாட்டார்கள். பேடாக்கில் உங்கள் இடத்தில் தீயணைப்பான் ஒன்று, தரையில் விரிக்க ஒரு தார்ப்பாய், நிழலுக்கு ஏதாவது, உட்கார ஒரு நாற்காலி. தங்குவதற்கு ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ்கள் உண்டு. தொழிற்பேட்டை ஊர் என்பதால் முன்பே சொல்லி வையுங்கள்.

ஒரு ஆளையாவது கூட அழைத்துப் போங்கள். மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. வண்டியைப் பிடித்துக்கொள்ளவும், அறிவிப்பைக் கேட்டுச் சொல்லவும், தண்ணீர் கொடுக்கவும் ஒருவர். என் அத்தை மகன் வந்தான். அவன் இல்லாமல் அந்த ஞாயிறைக் கடந்திருக்க மாட்டேன்.

7. வெள்ளி: பதிவு, சோதனை, பயிற்சி

காலை ஏழு மணிக்கு முன்பே வாசலில் இருங்கள். முதலில் ஆவணப் பதிவு: உரிமம், அடையாள அட்டை, பொறுப்பேற்புப் படிவம். மூலமும் நகலும் இரண்டும் வேண்டும், அங்கே ஜெராக்ஸ் தேடி ஓட முடியாது. பிறகு ஸ்க்ரூட்டினி என்ற வண்டி, உடைச் சோதனை. வண்டியையும் ஹெல்மெட், சூட், பூட்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு போக வேண்டும். வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டு போங்கள். அழுக்கு வண்டியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க முடியாது, அதிகாரியும் கூடுதல் நேரம் எடுப்பார். தேர்ச்சி ஸ்டிக்கர் ஒட்டியதும் லேப் நேரம் பதியும் டிரான்ஸ்பாண்டரை வாங்கிப் பொருத்துங்கள். அதற்கு முன்பணம் அல்லது அடையாள அட்டையை வாங்கி வைப்பார்கள்.

ரைடர்ஸ் பிரீஃபிங் என்ற கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், வருகைப் பதிவு எடுப்பார்கள். கொடிகளை இங்கேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், கையை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, தடத்தோரம் வண்டிகள் நின்று கிளம்பும் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் பட்டைபட்டையாக இருந்தால் தடம் வழுக்குகிறது. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். சட்டென்று ஒதுங்காதீர்கள், உங்கள் கோட்டிலேயே போய் அவரை முந்த விடுங்கள். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உங்கள் எண்ணோடு வந்தால் உங்கள் வண்டியில் ஏதோ பழுது, உடனே தடத்தைவிட்டு வெளியேறுங்கள். “வண்டி நல்லாத்தானே ஓடுது” என்று இன்னொரு லேப் போடக் கூடாது. கசிவு உங்களுக்குத் தெரியாது, தடத்தோரம் கொடியோடு நிற்கும் மார்ஷலுக்குத் தெரியும்.

முதல் பயிற்சி ஓட்டத்தில் நேரத்தைத் துரத்தாதீர்கள். ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல் எங்கே நிற்கிறார், எந்த இடத்தில் பிரேக், எங்கே தார் ஒட்டு என்று பாருங்கள். உள்ளே வந்ததும் டயர் சூடாக இருக்கும்போதே காற்றழுத்தம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். காலை ஒன்பது மணித் தார் வேறு, மதியம் இரண்டு மணித் தார் வேறு.

8. சனி: தகுதிச் சுற்று

தகுதிச் சுற்றில் முதல் இரண்டு லேப் டயரைச் சூடாக்க. மூன்றாவதிலிருந்து ஓட்டுங்கள். வேகமானவர் பின்னால் தொங்கி நேரம் எடுக்க நினைத்து அவர் பிரேக் பிடிக்கும் இடத்தில் நீங்களும் பிடித்தால் நேராக மண்ணுக்குள் போவீர்கள். முதல் ரேஸ் பெரும்பாலும் சனி மதியமே வந்துவிடும், நேர அட்டவணை ஒட்டும் பலகையை மணிக்கொரு முறை பாருங்கள். மாறும்.

வெயிலைப் பற்றி எழுதாமல் விட முடியாது. தோல் சூட்டுக்குள் அரை மணி நேரம், ரேஸ் கிளம்பும் வரிசையான கிரிட்டில் நின்றால் தலை கிறுகிறுக்கும். நான் சனி மதியம் கையுறையைக் கழற்றியபோது விரல்கள் நடுங்கின. பயம் என்று நினைத்தேன், உப்பும் தண்ணீரும் குறைந்திருந்தது. வியாழன் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட மோர், இளநீர். ரேஸுக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி அல்லது தயிர்சாதம். பிரியாணி ஞாயிறு இரவுக்கு. ஓட்டம் முடிந்து உள்ளே வந்ததும் சூட்டை இடுப்பு வரை இறக்கி, கழுத்தில் ஈரத்துண்டு போடுங்கள்.

9. ஞாயிறு: ரேஸ்

பிட் கதவு மூடும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தால் பிட் லேனிலிருந்தோ கடைசியிலிருந்தோதான் தொடங்குவீர்கள். பத்து நிமிடம் முன்பே முழு உடையோடு வண்டியருகே இருங்கள்.

வார்ம் அப் லேப் முடிந்து உங்கள் கிரிட் கட்டத்தில் நிற்கும்போது முன்சக்கரம் கோட்டைத் தாண்டக் கூடாது. சிவப்பு விளக்கு எரியும், அணைந்ததும் கிளம்ப வேண்டும். அணைவதற்கு முன் வண்டி உருண்டாலே ஜம்ப் ஸ்டார்ட், தண்டனை உண்டு. பக்கத்து வண்டியைப் பார்த்துக் கிளம்பாதீர்கள், அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள்.

முதல் வளைவில் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போவார்கள். கிளட்சை விட்டது கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை, முதல் லேப்பில் யாரையும் துரத்த வேண்டாம். மூன்றாவது லேப்புக்குள் கூட்டம் கலைந்துவிடும், அப்புறம் உங்களுக்கு இடம் கிடைக்கும். விழுந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். உருளுவது நிற்கும் வரை எழ முயலாதீர்கள். பிறகு பின்னால் பார்த்துத் தடுப்புக்கு அப்பால் ஓடுங்கள். தலை அடிபட்டதாகச் சிறு சந்தேகம் இருந்தாலும் மருத்துவ அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.

ரேஸ் முடிந்ததைக் காட்டும் கொடி விழுந்ததும் சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். ஒரு லேப் மெதுவாக வந்து, மார்ஷல்களுக்குக் கைகாட்டி, அவர்கள் சொல்லும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ரேஸுக்குப் பின் சோதனைக்காக வண்டிகளை நிறுத்தி வைக்கும் பார்க் ஃபெர்மேவுக்குள் போகச் சொன்னால், விடுவிக்கும் வரை வண்டியைத் தொடக் கூடாது.

10. ஞாயிறு மாலை

முடிவுப் பட்டியல் ஒட்டியதும் உங்கள் வரியைப் பாருங்கள். தவறு இருந்தால் எதிர்ப்பு தெரிவிக்கக் குறிப்பிட்ட நிமிடங்களே உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. டிரான்ஸ்பாண்டரைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தையோ அட்டையையோ வாங்குங்கள். நிறையப் பேர் இதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் சாக்கெட்டுகளை எண்ணிப் பாருங்கள். வடித்த ஆயிலைக் கேனில் எடுத்துப் போய் மெக்கானிக் கடையில் கொடுங்கள், அங்கே மண்ணில் ஊற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சூட்டைத் துவைக்க வேண்டாம். உள்துணியை ஈரத்துணியால் துடைத்து, அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள், வெயிலில் தோல் வெடிக்கும். அன்றிரவே, அலுப்பு இருந்தாலும், நோட்டில் மூன்று பட்டியல் எழுதுங்கள்: உடைந்தவை, கடன் வாங்கியவை, அடுத்த சுற்றுக்கு முன் வாங்க வேண்டியவை. கடன் வாங்கியதை அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேடாக்கில் அடுத்த முறையும் அதே முகங்கள்தான்.